அளக்க அளக்க என்ன ஆகுது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல 'தண்ணில ஓடுற கார்'னு சுத்திட்டு இருக்கற ஒரு வீடியோவ பத்தி நாலே வரி எழுதினேன், அது நடக்காதுன்னு. அவ்ளோதான். அதுக்கு வந்த கடுதாசிய பாத்தா நான் என்னமோ அவங்க சொத்த எழுதி வாங்கின மாதிரி இருக்கு. பாதி திட்டு, கால்வாசி நிஜமான கேள்வி, மிச்சம் ரெண்டும் கலந்தது. திட்டுக்குள்ளயும் நல்ல கேள்விங்க ஒளிஞ்சிருக்கறதால இந்த தடவ முழு பக்கத்தையும் இதுக்கே விட்டாச்சு. பேர் போடாதீங்கன்னு பல பேர் கேட்டிருக்காங்க, அதனால யார் பேரும் போடல.

கேள்வி: புதுசா ஒருத்தன் எதையாவது கண்டுபிடிச்சா உடனே ஃபிராடுன்னு சொல்றதே உங்கள மாதிரி ஆளுங்களுக்கு பொழப்பா போச்சு. கண்டங்கள் நகருதுன்னு சொன்னவர பாத்து சிரிச்சாங்க. அல்சருக்கு கிருமிதான் காரணம்னு சொன்னவர பாத்து சிரிச்சாங்க, அப்புறம் அவருக்கே நோபல் குடுத்தாங்க. தண்ணி கார்க்காரருக்கும் ஒரு நாள் குடுப்பாங்க. அப்ப மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சுக்குவீங்க? (ரிட்டயர்டு சூப்பர்வைசர்)

பதில்: அண்ணே, நீங்க சொன்ன ரெண்டு உதாரணமும் சுத்தமான உண்மை, அதனால அதையே எடுத்துக்குவோம். வெகனர் 1912ல கண்டங்கள் நகருதுன்னு சொன்னப்ப பெரிய பெரிய புவியியல் ஆளுங்க எல்லாம் கேலி பண்ணாங்க, ஆனா அதுல ஒரு நியாயமும் இருந்துச்சு, ஏன்னா எந்த விசை தள்ளுதுன்னு கேட்டதுக்கு அவர் பூமியோட சுழற்சிய காரணமா சொன்னாரு, அந்த விசை கண்டத்த நகத்தற அளவுக்கு பத்தவே பத்தாது. பாவம், 1930ல கிரீன்லாந்து பனியிலயே செத்துப் போயிட்டாரு. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. கடலுக்கு அடியில இருக்கற பாறையோட காந்தத்தன்மைய அளக்க ஆரம்பிச்சாங்க, நடுவுல இருக்கற மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் என்ன வரிவரியா இருக்கோ அதே வரிங்க கண்ணாடியில பாக்கற மாதிரி அந்தப் பக்கமும் இருந்துச்சு, 1963ல அதுக்கு விளக்கமும் வந்துச்சு, அதாவது நடுவுல புதுசா தரை முளைச்சு ரெண்டு பக்கமும் விலகிப் போகுது. இன்னிக்கு ஜிபிஎஸ் வச்சு வருஷத்துக்கு இத்தனை சென்டிமீட்டர்னே அளந்துடறாங்க. கருவி நல்லா ஆக ஆக வெகனரோட ஐடியா இன்னும் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

அல்சர் கதையும் அப்படித்தான். டென்ஷன்தான் காரணம், காரம்தான் காரணம்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்த காலத்துல பேரி மார்ஷல் 1984ல அந்த பாக்டீரியாவ தானே குடிச்சு வயித்துப் புண்ணு மாதிரி அழற்சிய வரவழைச்சுகிட்டாரு (இத யாரும் வீட்ல ட்ரை பண்ணாதீங்க). ஆனா அவருக்கும் அவரோட சேர்ந்து ஆராய்ச்சி பண்ண வாரனுக்கும் 2005ல நோபல் வந்தது அவர் குடிச்ச தைரியத்துக்காக மட்டும் இல்ல. ஆன்டிபயாட்டிக் குடுத்து கிருமிய ஒழிச்சா அல்சர் திரும்ப வர்றது நிக்குதுன்னு வேற வேற நாட்டுல, அவர பிடிக்காதவங்க உட்பட, செஞ்சு பாத்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சுது.

இப்ப நீங்க சொல்லாம விட்ட ஒரு கதை. 1903ல பிரான்ஸ்ல நான்சிங்கற ஊர்ல ப்ளாண்ட்லோன்னு ஒரு மரியாதையான பிசிக்ஸ் பேராசிரியர், 'என்' கதிர்கள்னு (இங்கிலீஷ் எழுத்து N) புது கதிர்வீச்சு ஒண்ணு கண்டுபிடிச்சேன்னாரு. நாடு முழுக்க ஆளுங்க 'ஆமா நானும் பாத்தேன்'னு பேப்பர் மேல பேப்பரா எழுதினாங்க. பாக்கறதுன்னா எப்படி, இருட்டு ரூம்ல மங்கலா ஒரு வெளிச்சம் லேசா கூடுதா குறையுதான்னு கண்ணால பாக்கணும். 1904ல ராபர்ட் வுட்னு ஒரு அமெரிக்கர் போய் பாத்தாரு. இருட்டுல யாருக்கும் தெரியாம மெஷின்ல இருந்த அலுமினிய பட்டகத்த எடுத்து வச்சுட்டாரு. அதான் கதிர பிரிக்கற முக்கியமான பாகம். அது இல்லாமலே பேராசிரியர் வரிசையா ரீடிங் சொல்லிட்டே இருந்தாராம்! அவர் திருடர் கிடையாது, நம்பிட்டாரு, அவ்ளோதான். பல பேரு இத புரிஞ்சுக்க மாட்டேங்கறீங்க, ஒருத்தர் சொல்றது தப்புன்னா அவர் ஏமாத்துறாருன்னு அர்த்தமே இல்ல.

கெமிஸ்ட்ரி நோபல் வாங்கின லாங்மூர் 1953ல ஒரு பேச்சுல இந்த மாதிரி கேஸ எல்லாம் வரிசையா அடுக்கினாரு. அவர் சொன்ன அடையாளங்கள்ல எனக்கு ரொம்ப உதவறது இதுதான், விளைவு எப்பவும் கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாமலும் ஓரத்துலயே நிக்கும். நான் அத என் பாஷையில இப்படி கேட்டுக்குவேன்: நல்லா அளக்க அளக்க அது பெருசாகுதா, சின்னதாகுதா? வெகனர், மார்ஷல் பெருசானாங்க. 'என்' கதிர் காணாம போச்சு. சிரிப்பு வாங்கினது ரெண்டு கட்சிக்கும் பொதுவா இருக்கறதால அத சர்டிபிகேட்டா எடுத்துக்க முடியாதுண்ணே. தண்ணி கார அளந்து பாத்தா என்ன ஆகுதுன்னு கீழ வருது.

கேள்வி: தண்ணில ஹைட்ரஜன் இருக்கு. ஹைட்ரஜன் எரியும். இது பள்ளிக்கூட புள்ளைக்கே தெரியும். அப்புறம் ஏன் தண்ணிய எரிபொருளா போட முடியாதுங்கறீங்க? (பிளஸ் டூ மாணவன்)

பதில்: தம்பி, நல்லா கேட்ட. விறகு எரிஞ்சா என்ன மிஞ்சும்? சாம்பல். ஹைட்ரஜன் எரிஞ்சா மிஞ்சறது தண்ணி, அதாவது தண்ணிங்கறது ஹைட்ரஜனோட சாம்பல். சாம்பல திரும்ப விறகாக்க முடியும், ஆனா எரிஞ்சப்ப எவ்ளோ வெளிய வந்துச்சோ அத திரும்ப உள்ள போடணும். கணக்கு சொல்றேன், 18 கிராம் தண்ணிய பிரிக்க 286 கிலோஜூல் வேணும், அதுல வர்ற ஹைட்ரஜன எரிச்சா திரும்ப வர்றது அதே 286. அதுவும் எந்த நஷ்டமும் இல்லாத கற்பனை மெஷின்ல. நிஜ இன்ஜின்ல பாதிக்கு மேல வெப்பமாவே போயிடும், அப்ப அந்த காரு ஓடற ஒவ்வொரு நிமிஷமும் பேட்டரிதான் காலியாகுது. ஹைட்ரஜன் கார்னு நிஜமாவே இருக்கு, அத இதோட குழப்பிக்காத, அதுல ஹைட்ரஜன வெளிய செஞ்சு டாங்க்ல நிரப்பிதான் குடுக்கறாங்க.

ஸ்டான்லி மேயர்னு ஒருத்தர் அமெரிக்காவுல இதே தண்ணி பேட்டரி கதைய சொல்லி முதலீடு வாங்கினாரு, 1996ல ஒஹாயோ கோர்ட்ல நிபுணர்ங்க அந்த செல்ல பாத்துட்டு இதுல சாதாரண மின்பகுப்பு (கரன்ட் விட்டு தண்ணிய பிரிக்கறது) தவிர ஒண்ணும் இல்லைன்னாங்க, மோசடின்னு தீர்ப்பாகி பணத்த திருப்பி குடுக்க சொன்னாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி கீலின்னு ஒருத்தர் 1870கள்லயே தண்ணியில இருந்து ரகசிய சக்தி எடுக்கறேன்னு கம்பெனி ஆரம்பிச்சு 20 வருஷத்துக்கு மேல ஓட்டினாரு, 1898ல அவர் செத்த பிறகு வீட்டுக்கு அடியில தோண்டி பாத்தா அழுத்தின காத்து வைக்கற மாதிரி பெரிய இரும்பு உருண்டையும் குழாயும் இருந்துச்சு.

கேள்வி: எரிபொருளே இல்லாம விண்கலத்த தள்ளற இஎம் டிரைவ்ங்கற இன்ஜின நாசாவே டெஸ்ட் பண்ணி வேலை செய்யுதுன்னு பேப்பர் போட்டாங்க. நாசாவ விட நீங்க பெரிய ஆளா? (ஐடி ஊழியர்)

பதில்: இல்லவே இல்ல. ஆனா 'நாசா'ங்கறது ஒரு ஆள் கிடையாதுங்க. அங்க ஒரு சின்ன குழு 2016ல பேப்பர் போட்டுச்சு, மூடின செம்பு கூம்புக்குள்ள மைக்ரோவேவ் விட்டா ஒரு கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் தள்ளுதுன்னு. ஒரு சின்ன காகிதத் துண்டோட எடை மாதிரிதான் அது. காருக்குள்ள உக்காந்து முன் கண்ணாடிய கையால தள்ளினா கார் நகராது, இல்லையா, அதே நியாயம் இங்கயும், எதையும் வெளிய தள்ளாம முன்னாடி போக முடியாது.

ஜெர்மனியில ட்ரெஸ்டன் யூனிவர்சிட்டி குழு செஞ்சது ரொம்ப அழகு. மைக்ரோவேவ் கூம்புக்குள்ள கிட்டத்தட்ட போகவே போகாத மாதிரி அடைச்சுட்டு அளந்தாங்க, அப்பவும் 'தள்ளுது'! கூம்ப வேற பக்கம் திருப்பி வச்சாங்க, அப்பவும் தள்ளற திசை மாறல. அப்ப தள்றது கூம்பு இல்லைன்னு ஆச்சு, கேபிள்ல ஓடற கரன்ட்டும் பூமியோட காந்தப்புலமும் சேர்ந்து விளையாடுதுன்னு 2018ல சொன்னாங்க. 2021ல இன்னும் துல்லியமா, சூடாகி விரியறது வரைக்கும் சரி பண்ணி அளந்தாங்க, ஒண்ணுமே மிஞ்சல. வுட் அலுமினிய பட்டகத்த எடுத்தாரே, அதே வித்தைதான், 114 வருஷம் கழிச்சு. எந்த பாகத்தால நடக்குதுன்னு சொல்றாங்களோ அத அணைச்சுட்டு பாரு.

கேள்வி: கோல்ட் ஃபியூஷன எண்ணெய் கம்பெனிங்க அமுக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே சார், நெருப்பில்லாம புகையுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: இந்த கேஸ்ல எனக்கு கொஞ்சம் பாசம் உண்டு, அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. 1989 மார்ச் 23, யூட்டா யூனிவர்சிட்டியில ஃப்ளைஷ்மன், பான்ஸ்னு ரெண்டு பேர் பேப்பர் வெளிவர்றதுக்கு முன்னாடியே பிரஸ் மீட் வச்சாங்க. ஃப்ளைஷ்மன் லேசுப்பட்ட ஆளு கிடையாது, எலெக்ட்ரோகெமிஸ்ட்ரியில உலகமே மதிக்கற பேரு. ஒரு கண்ணாடி ஜாடி, கனநீர் (சாதா ஹைட்ரஜனுக்கு பதிலா அதோட கனமான வகையான டியூட்டீரியம் இருக்கற தண்ணி), பல்லேடியம்ங்கற உலோகக் கம்பி, கொஞ்சம் கரன்ட், இத வச்சு சூரியனுக்குள்ள நடக்கற மாதிரி அணுக்கரு இணைவு மேஜை மேல நடக்குதுன்னு சொன்னாங்க. உலகம் முழுக்க லேப்ல இருந்தவங்க எல்லாம் கையில கிடைச்ச பல்லேடியத்த எடுத்துகிட்டு உக்காந்துட்டாங்க, யாரும் அமுக்கல, எல்லாரும் அது நிஜமா இருக்கணும்னுதான் ஆசைப்பட்டாங்க.

பிரச்சன எங்க வந்துச்சுன்னா, டியூட்டீரியம் இணைஞ்சா நியூட்ரான் வரணும். ஒரு வாட் வெப்பம் இணைவால வந்தா நொடிக்கு கிட்டத்தட்ட லட்சம் கோடி நியூட்ரான். அவங்க சொன்ன வெப்பம் நிஜமா அப்படி வந்திருந்தா ஜாடி பக்கத்துல நின்னவங்க உயிரோட பிரஸ் மீட்டுக்கு வந்திருக்க முடியாது. அப்புறம் கால்டெக், எம்ஐடி, இங்கிலாந்துல ஹார்வெல்னு பெரிய இடங்கள்ல அதையே செஞ்சு பாத்தாங்க, நியூட்ரானும் இல்ல கூடுதல் வெப்பமும் இல்ல. ஜாடியில தண்ணிய கலக்கி விடாம ஒரு இடத்துல மட்டும் வெப்பமானி வச்சா அங்க சூடு கூடுதலா காட்டும்னு கால்டெக் ஆளுங்க மே மாசமே எடுத்துச் சொன்னாங்க.

இப்ப அமுக்கின கதை. யூட்டா மாநிலமே 50 லட்சம் டாலர் ஒதுக்குச்சு. டொயோட்டா சார்பா பிரான்ஸ்ல ஒரு லேப் போட்டு அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டு வேலை குடுத்தாங்க, 1998ல மூடினாங்க. ஜப்பான் அரசாங்கமும் தனியா திட்டம் வச்சு பாத்துச்சு. அப்புறம் கூகுள் காசு குடுத்து ஒரு பெரிய குழு 2015ல இருந்து சத்தமில்லாம திரும்ப ஆராய்ச்சி பண்ணி 2019ல நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகையில எழுதினாங்க, கோல்ட் ஃபியூஷனுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கலன்னு. கார் கம்பெனி, அரசாங்கம், கூகுள், இவங்க யாருக்கும் எண்ணெய் கம்பெனிய காப்பாத்தற அவசியம் கிடையாது, கிடைச்சிருந்தா முதல்ல லாபம் பாத்திருக்கறது அவங்கதான். நெருப்பில்லாம புகையுமான்னு கேட்டீங்க. புகை நிஜம்தாங்க, ஆனா அது வெப்பமானிய தப்பா வச்சதுல வந்த புகை.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும், அந்த கூகுள் குழு தேடினது வீண் போகல, உலோகத்துக்குள்ள ஹைட்ரஜன திணிக்கறது, சின்ன வெப்பத்த துல்லியமா அளக்கறதுன்னு உபயோகமான விஷயம் நிறைய கத்துகிட்டாங்க. தேடினவங்கள நான் எப்பவும் கிண்டல் பண்ண மாட்டேன். கிடைக்கறதுக்கு முன்னாடியே மைக் பிடிக்கறவங்கள பண்ணுவேன்.

கேள்வி: ரொம்ப பேசறீங்களே, 2023 ஆகஸ்ட்ல இதே பக்கத்துல எல்கே-99 பத்தி நீங்க துள்ளிக் குதிச்சது எங்க வீட்ல பத்திரமா கட் பண்ணி வச்சிருக்கோம். எடுத்து அனுப்பவா? (பழைய வாசகி)

பதில்: அம்மா, வேணாம்மா. எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு. 'கரன்ட் கம்பியில நஷ்டமே இல்லாத காலம் வாசலுக்கு வந்தாச்சு'ன்னு எழுதித் தொலைச்சேன். ஜூலை கடைசியில கொரியா குழு ஒண்ணு ஈயம், செம்பு, பாஸ்பேட் கலந்த ஒரு பொருள் சாதாரண அழுத்தத்துலயே, 127 டிகிரி வரைக்கும் சூப்பர்கண்டக்டர்னு (அதாவது மின்தடையே இல்லாம கரன்ட்ட கடத்தும்னு) அறிவிச்சாங்க, கூடவே காந்தத்து மேல ஒரு துண்டு பாதி மிதக்கற வீடியோ. நானும் அத பாத்து மயங்கினேன். ஒரு முனை தூக்கி நிக்குது, இன்னொரு முனை தரையில. ஏன் பாதி மட்டும் மிதக்குதுன்னு கேக்க எனக்கு அன்னிக்கு தோணவே இல்ல, வெளுத்ததெல்லாம் பாலுன்னு நினைச்சுட்டேன்.

ரெண்டு மூணு வாரத்துல கதை முடிஞ்சுது. பொருள்ல கலப்படமா செம்பு சல்ஃபைடு இருந்துச்சு, அது 104 டிகிரி பக்கத்துல ஒரு நிலையில இருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது மின்தடை மளமளன்னு விழும், அதத்தான் சூப்பர்கண்டக்டர்னு நினைச்சுட்டாங்க. பாதி மிதந்தது சாதாரண இரும்புக் காந்தத்தன்மை. ஜெர்மனியில மாக்ஸ் பிளாங்க் ஆளுங்க கலப்படமே இல்லாம சுத்தமான படிகம் வளத்தாங்க, ஊதா கலர்ல கண்ணாடி மாதிரி வந்துச்சு, கரன்ட்ட கடத்தறத விடுங்க, அது சுத்தமான இன்சுலேட்டர். சுத்தம் பண்ணப் பண்ண விளைவு ஓடிப் போச்சு பாத்தீங்களா.

என் தப்பு எதுன்னு யோசிச்சா, நம்பினது கூட இல்ல, வேற ஒரு லேப் செஞ்சு பாக்கறதுக்கு முன்னாடி அச்சுக்கு குடுத்தது. அதே சமயத்துல அமெரிக்காவுல வேற ஒரு குழு அறை வெப்ப சூப்பர்கண்டக்டர்னு நேச்சர்ல போட்ட ரெண்டு பேப்பரும் ஒண்ணு 2022லயும் இன்னொண்ணு 2023லயும் வாபஸ் ஆச்சு. பெரிய ஜர்னல்ல வந்துட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்களுக்காக இதையும் சொல்லி வைக்கறேன்.

கேள்வி: 5ஜி டவர் பக்கத்துல இருந்தா கேன்சர் வருமா? உலக சுகாதார நிறுவனமே 'வாய்ப்பு இருக்கு'ன்னு சொல்லிருக்காமே? (இரண்டு குழந்தைகளின் அம்மா)

பதில்: 2011ல அந்த நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ரேடியோ அலைய 2பி லிஸ்ட்ல போட்டுச்சு, அது உண்மை. அதே லிஸ்ட்ல கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கு. அதுக்கு அர்த்தம் 'ஆதாரம் பத்தல, சந்தேகத்த முழுசா தள்ளவும் முடியல'. டிஎன்ஏவ உடைக்கணும்னா அலையோட ஒவ்வொரு துகளுக்கும் போதிய சக்தி வேணும், 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி துகள விட நம்ம கண்ணுக்கு தெரியற சாதா வெளிச்சத்தோட துகளுக்கு லட்சம் மடங்குக்கு மேல சக்தி இருக்கு. நீங்க பயப்பட வேண்டியது மதியான வெயிலோட புற ஊதாக் கதிருக்குதாம்மா. அதுக்கு யாரும் டவர எரிக்க கிளம்ப மாட்டேங்கறாங்க.

கேள்வி: தண்ணிக்கு ஞாபகசக்தி இருக்குன்னு நேச்சர் பத்திரிகையிலயே வந்துச்சு, தெரியுமா? எனக்கு ஹோமியோபதில சைனஸ் சரியாச்சு. உங்களுக்கு ஆதாரம் வேற என்ன வேணும்? (பள்ளி ஆசிரியை)

பதில்: உங்களுக்கு சரியானதுல எனக்கு சந்தோஷம்தான் டீச்சர், அத நான் மறுக்கல. நேச்சர்ல வந்ததும் நிஜம், 1988 ஜூன்ல, பென்வனிஸ்த்ங்கற பிரெஞ்சு நோயெதிர்ப்பு விஞ்ஞானி எழுதினது. ஆனா எடிட்டர் மேடக்ஸ் ஒரு நிபந்தனை போட்டுதான் வெளியிட்டாரு, நாங்க வந்து லேப்ல பாப்போம்னு. போனவரு யார கூட்டிட்டு போனாரு தெரியுமா, ஜேம்ஸ் ரேண்டிங்கற மேஜிக் நிபுணர! எந்த டியூப்ல நீர்க்க வச்ச கரைசல் எதுல வெறும் தண்ணின்னு சொல்ற குறியீட்ட கவர்ல போட்டு ஒட்டி லேப் கூரையில ஒட்டி வச்சாங்க, யாரும் எட்ட முடியாத மாதிரி. எது எதுன்னு தெரியாம, விளைவு காட்டின ரத்த செல்லுங்கள எண்ணினப்ப விளைவு போயிடுச்சு. அங்கயும் யாரும் திட்டம் போட்டு ஏமாத்தல, தெரிஞ்சுகிட்டு எண்ணினா கை தானா ஒரு பக்கம் சாயுது.

30சி அளவுன்னா ஒண்ணுக்கு பின்னாடி 60 சைபர் போட்ட அளவுக்கு நீர்க்க வச்சது, 12சி தாண்டும்போதே அவகாட்ரோ எண்ண (ஒரு மோல் பொருள்ல இருக்கற மூலக்கூறுங்களோட எண்ணிக்கைய) தாண்டிடும், அதுக்கு மேல மூல மருந்துல ஒரு மூலக்கூறு மிஞ்சினாலே அதிர்ஷ்டம். சைனஸ் மாதிரி ஏறி இறங்கற நோய்க்கு நாம மருந்த எப்ப தேடுவோம், தாங்க முடியாத உச்சத்துல இருக்கும்போதுதானே. உச்சத்துல இருந்து எங்க போகும், கீழதான். அந்த இறக்கத்துக்கான பேர் அப்ப கையில இருக்கற மருந்துக்கு போயிடும். இத தள்ளி பாக்கத்தான் ஒரு கூட்டத்துக்கு மருந்து இன்னொரு கூட்டத்துக்கு வெறும் மாத்திரைன்னு யாருக்கும் சொல்லாம குடுத்து பாக்கறாங்க.

கேள்வி: சாட்பாட் கிட்ட ராத்திரி பேசறப்ப அது என்னைய புரிஞ்சுக்குதுன்னு தோணுது சார். உணர்வு இல்லைன்னு எப்படி அடிச்சு சொல்றீங்க? (காலேஜ் மாணவி)

பதில்: நான் அடிச்சு சொல்லவே இல்லைம்மா, உணர்வுன்னா என்னன்னே இன்னும் யாரும் ஒழுங்கா வரையறுக்கல. எனக்கு தெரிஞ்சது ஒண்ணுதான், 'தோணுது'ங்கறது இதுல ரொம்ப மோசமான அளவுகோல். 1966ல எம்ஐடியில வைசன்பாம் எலைசான்னு ஒரு ப்ரோக்ராம் எழுதினாரு, நீ சொன்னதையே திருப்பி கேள்வியா கேக்கற சின்ன தந்திரம், வேற ஒண்ணும் கிடையாது. அது எப்படி உருவாச்சுன்னு கூட இருந்து பாத்த அவரோட செக்ரட்டரியே அதுகூட ரெண்டு வார்த்தை டைப் பண்ணிட்டு, 'நீங்க கொஞ்சம் வெளிய இருங்க'ன்னு அவர்கிட்ட சொன்னாங்களாம். 2022ல கூகுள் இன்ஜினியர் ஒருத்தர் அவங்க கம்பெனியோட சாட்பாட் லாம்டாவுக்கு உணர்வு வந்துடுச்சுன்னு வெளிய சொன்னாரு, கம்பெனி அவர வேலைய விட்டே தூக்கிடுச்சு. எலைசாவுக்கும் லாம்டாவுக்கும் திறமையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், ஆனா நமக்குள்ள எழற அந்த 'தோணுது' ரெண்டுக்கும் ஒண்ணாதான் எழுது பாரு.

பெர்லின்ல ஹான்ஸ்னு ஒரு குதிரை இருந்துச்சு, கணக்கு போடும், குளம்பால தட்டி விடை சொல்லும். 1904ல ஒரு கமிட்டியே வந்து பாத்து ஏமாத்து வேலை இல்லைன்னுட்டாங்க. அப்புறம் ஃபுங்ஸ்ட்ங்கறவரு கேள்வி கேக்கறவருக்கே விடை தெரியாத மாதிரி ஏற்பாடு பண்ணாரு, குதிரை தடுமாறிடுச்சு. அது பாத்துட்டு இருந்தது கேக்கறவரோட முகத்த, சரியான எண்ணிக்கை வந்தவுடனே அவர் அறியாம தலைய லேசா அசைப்பாரு, அது நிறுத்திடும். குதிரை முட்டாள் இல்ல, மனுஷங்கள விட நுட்பமா பாத்துச்சு, ஆனா செஞ்சது கணக்கு இல்ல. இந்த மெஷின்ங்க பரீட்சையில இவ்ளோ மார்க் வாங்குச்சுன்னு நியூஸ் வரும்போதெல்லாம் எனக்கு அந்த குதிரை ஞாபகம்தான் வரும், அந்த கேள்வித்தாள் அது படிச்ச கோடிக்கணக்கான பக்கத்துல ஏற்கனவே இருந்துச்சா, பேரையும் எண்ணையும் மாத்தி கேட்டா என்ன ஆகுது. அப்படி மாத்தியும் தாக்குப் பிடிக்கற இடங்களும் இருக்கு, உளர்ற இடங்களும் இருக்கு, அதனால 'வெறும் கிளிப்பிள்ளை'ன்னு ஒதுக்கறவங்களும் அவசரப்படறாங்கன்னு நினைக்கறேன். ராத்திரி பேச்சு துணைக்கு நல்லா இருந்தா பேசுங்க, அது தூங்க விடுதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கேள்வி: அப்ப ஃபியூஷன் மின்சாரம், குவாண்டம் கம்ப்யூட்டர் இதெல்லாமும் டுபாக்கூர்தானா? (வங்கி ஊழியர்)

பதில்: இல்ல சார், இதுங்க வேற ஜாதகம். அடிப்படை அறிவியல் உறுதியா இருக்கு, ஊதறது விளம்பரத்துலதான். 2022 டிசம்பர் 5ல அமெரிக்காவோட லாரன்ஸ் லிவர்மோர் லேப்ல நடந்த ஃபியூஷன் சோதனையில 2.05 மெகாஜூல் லேசர் உள்ள போய் 3.15 மெகாஜூல் வெளிய வந்துச்சு, நிஜமான சாதனை, அடுத்த வருஷம் 3.88 கூட வந்துச்சு. ஆனா அந்த லேசர சுடறதுக்கு சுவத்துல இருந்து இழுத்த கரன்ட் கிட்டத்தட்ட 300 மெகாஜூல், தலைப்புல அது வரல. பேங்க்ல இருக்கீங்க, வரவு மட்டும் எழுதின கணக்க நீங்க ஒத்துக்குவீங்களா? பல நாடு சேர்ந்து பிரான்ஸ்ல கட்டற ஈட்டர் ஃபியூஷன் உலை திட்டம் 2025ல முதல் பிளாஸ்மான்னு சொல்லி இப்ப 2034க்கு தள்ளிட்டாங்க.

குவாண்டம்ல கூகுள் 2019ல 53 க்யூபிட் (குவாண்டம் கம்ப்யூட்டரோட அடிப்படை அலகு) வச்சு 200 நொடியில போட்ட கணக்குக்கு சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 வருஷம் ஆகும்னாங்க, ஐபிஎம் உடனே 'எங்ககிட்ட குடு, ரெண்டரை நாள்'னாங்க. ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, நம்ம பேங்க் பூட்ட, அதாவது 2048 பிட் ஆர்எஸ்ஏவ உடைக்க 2 கோடி க்யூபிட் வேணும்னு 2019ல போட்ட கணக்கு, 2025ல 10 லட்சத்துக்கும் கீழ வந்துடுச்சு. மெஷின் இன்னும் அந்த பக்கம் கூட வரல, தேவை மட்டும் இறங்கி வருது. உங்க ஐடி டிபார்ட்மென்ட் புது பூட்டுக்கு மாத்தறோம்னு சொன்னா தடுக்காதீங்க.

கேள்வி: செத்த பிறகு உடம்ப உறைய வச்சு 200 வருஷம் கழிச்சு எழுப்பறாங்களாமே? (கல்யாணம் ஆகாதவர்)

பதில்: உறைய வைக்கறாங்க, 1967ல இருந்து. எழுப்பறத இதுவரைக்கும் யாரும் பண்ணல. கல்யாணத்த அதுவரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: எல்லாரையும் கேள்வி கேக்கறீங்க. விஞ்ஞானிங்க எப்பவாவது அவங்களே 'நாங்க தப்பு, வந்து பாருங்க'ன்னு சொல்லிருக்காங்களா? (சட்டக் கல்லூரி மாணவர்)

பதில்: 2011 செப்டம்பர்ல சொன்னாங்க. ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து இத்தாலியில 730 கிலோமீட்டர் தள்ளி இருக்கற கிரான் சாஸோ லேபுக்கு அனுப்பின நியூட்ரினோங்கற நுண்துகள், ஒளிய விட 60 நானோ நொடி முன்னாடியே வந்து சேருதுன்னு ஓபரா குழுவுக்கு ரீடிங் வந்துச்சு. ஐன்ஸ்டீன் காலினு மைக் பிடிக்காம, 'பல மாசமா தேடறோம், எங்க தப்புன்னு எங்களுக்கு தெரியல, நீங்களும் தேடுங்க'ங்கற தொனியில உலகத்துக்கு முன்னாடி வச்சாங்க. தேடினவங்க கேட்ட முதல் கேள்வி அருமையானது: 1987ல ஒரு நட்சத்திரம் வெடிச்சப்ப அதோட நியூட்ரினோ வெளிச்சத்துக்கு சில மணி நேரம் முன்னாடிதான் வந்துச்சு, இவங்க சொல்ற வேகம் நிஜம்னா நாலு வருஷம் முன்னாடியே வந்திருக்கணுமே? கடைசியில 2012ல பாத்தா ஒரு ஃபைபர் கேபிள் சரியா சொருகாம லூசா இருந்துச்சு. குழுவோட தலைவர் பதவிய விட்டாரு. எனக்கு அது கொஞ்சம் அநியாயமாவே பட்டுச்சு, கதவ திறந்து வச்சவரு அவரு.

கேள்வி: கிண்டல் எல்லாம் இருக்கட்டும். நான் காந்தத்த வச்சு தானா சுத்தற மோட்டார் செஞ்சிருக்கேன். கரன்ட் பில்லே வராது. தைரியம் இருந்தா நேர்ல வந்து பாருங்க. (கண்டுபிடிப்பாளர்)

பதில்: வரேன். பாரிஸ் அறிவியல் கழகம் 1775லயே இந்த மாதிரி மெஷின இனிமே பாக்கறதில்லைன்னு முடிவு பண்ணிடுச்சு, ஆனா நான் அவ்ளோ பெரிய கழகம் கிடையாது, எனக்கு நேரம் இருக்கு. ஒரே ஒரு வேண்டுகோள், வெளிய வர்ற கரன்ட்ட அப்படியே உள்ள குடுத்துட்டு, பேட்டரி, பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு, ஒரு பல்ப எரிய விட்டு ரூம பூட்டிடுங்க. சாவிய உங்கள சுத்தமா நம்பாத ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க. ஒரு மாசம் கழிச்சு கதவ திறந்து பல்ப் எரிஞ்சுட்டு இருந்தா ஒரு போன் போடுங்க, அன்னிக்கே கிளம்பி வரேன், வந்து அடுத்த இதழ் முழுக்க மன்னிப்புக் கடிதம் எழுதறேன். அந்த பழைய வாசகி அம்மா அதையும் கட் பண்ணி வச்சுக்கட்டும்.